மேப்பிள் ஆசையும் கிளுவைக் கட்டையும்

மேப்பிள் மரம் என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கனடா நாட்டுக் கொடியில் 1965-லிருந்து இருக்கும் சிவப்பு இலையா? இல்லை, ஜப்பான்காரர்கள் ஒரு தட்டில் நட்டு வைத்திருக்கும், முழங்கை உயரம்கூட இல்லாத, இலையெல்லாம் தீப்பிடித்த மாதிரி சிவந்து நிற்கும் குட்டி மரமா?

2022-ல் கோயமுத்தூருக்கு பி.காம். படிக்க வந்த காங்கேயத்துப் பெண் ஒருத்திக்கு இரண்டாவதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆசையும் வந்துவிட்டது. பீளமேட்டில் அண்ணனோடு வாடகை வீடு. மேலே மொட்டைமாடி. மாடியில் ஒரு மேப்பிள் போன்சாய். கற்பனை செய்து பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இணையத்தில் இருபது விதை வாங்கினாள். பாக்கெட்டின் மேல் 'ஜப்பானிய மேப்பிள் போன்சாய் விதை' என்று போட்டிருந்தது. இதில் முதல் ஏமாற்று அந்தப் பெயரிலேயே இருக்கிறது. போன்சாய் விதை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. ஜப்பானிய மொழியில் 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுவது. தட்டில் நட்டது, அவ்வளவுதான். அது மரத்தின் ஜாதி இல்லை, வளர்க்கும் முறை. அந்த விதையைத் தரையில் போட்டால் சாதாரண மேப்பிள் மரம்தான் வரும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. ஜப்பான் மேப்பிள், குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும் மரம். விதை முளைப்பதற்கே இரண்டு மூன்று மாதம் ஈரமான குளிரில் கிடக்க வேண்டும். அதையும் செய்தாள். ஈர மணலில் கலந்து, பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில் மூன்று மாதம். (அண்ணன் ஒருநாள் கடலைப்பருப்பு என்று நினைத்து வெளியே எடுத்து வைத்தது தனிக்கதை.) ஆறு விதை முளைத்தது. ஒவ்வொன்றிலும் விரல் விரித்த கை மாதிரி குட்டி இலைகள். வீடே கொண்டாடியது.

மார்ச் மாதம் இலையின் ஓரம் கருக ஆரம்பித்தது. ஏப்ரலில் ஆறும் காலி.

காரணம் சிம்பிள். விதைக்கு மட்டும் குளிர் கொடுத்தால் போதாது, ஒவ்வொரு வருஷமும் மரத்துக்கும் சில வாரம் நல்ல குளிர் வேண்டும். கோயமுத்தூரில் மார்கழி ராத்திரியிலும் பதினெட்டு டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். வெயிலைத் தாங்கியே மரம் பிழைத்தாலும், தூக்கம் இல்லாமல் வருஷத்துக்கு வருஷம் இளைத்துத்தான் போகும். ஊட்டியில் உறைபனி விழுகிறது, அங்கே முயற்சி செய்து பார்க்கலாம். ஆனால் மரம் வளர்ப்பதற்காக ஊட்டியில் வீடு பிடிக்க பி.காம். முதல் வருஷத்தில் யாரால் முடியும்? :-)

*

அந்த ஏப்ரல் விடுமுறையில் ஊருக்குப் போனாள். அம்மாவைப் பெற்ற அப்புச்சி, காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் சாளை கட்டி இருக்கிறார். அவருக்கு நாலு ஏக்கர் கொறங்காடு.

கொறங்காடு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் மழை குறைவு. வெள்ளாமை நிச்சயமில்லாத நிலத்தை மேய்ச்சலுக்கென்றே விட்டுவிடுவார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கொறங்காடு. வேலி கெட்டியாக இருப்பதால் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடலாம், மேய்ப்பதற்கு ஆள் வேண்டாம். காங்கேயம் காளை என்று நாடு முழுக்கப் பேர் வாங்கிய மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்ததுதான்.

கிளுவை ஒரு விசித்திரமான மரம். விதை போட வேண்டியதில்லை. ஒரு கிளையை வெட்டி ஊன்றினால் வேர் பிடித்துவிடும். அதற்குப் போத்து என்று பேர். பட்டை மேலே காகிதம் மாதிரி உரியும், உள்ளே பச்சையாக இருக்கும். வெட்டினால் வாசனையான பிசின் வரும். குங்கிலியம் கொடுக்கும் குக்குலு மரமும், பைபிளில் வருகிற வெள்ளைப்போளமும் இதற்குப் பங்காளிகள். இன்னொரு விஷயம், கோடை வந்தால் கிளுவை மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மழை விழுந்ததும் குட்டிக் குட்டியாகத் துளிர்விடும்.

அதாவது, மேப்பிள் குளிருக்குத் தூங்குகிறது. கிளுவை வெயிலுக்குத் தூங்குகிறது.

அவள் வேலியோரம் நின்று பார்த்தபோது இது சட்டென்று மண்டையில் ஏறியது. சிறு இலை, இலை உதிர்க்கும் குணம், வெட்ட வெட்டத் துளிர்க்கும் உடம்பு. ஒரு போன்சாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தேடிக்கொண்டிருந்த மரம் பிறந்ததிலிருந்து கண்ணெதிரில் வேலியாக நின்றிருக்கிறது.

அதே நாள் ராத்திரி வீட்டில் வேறொரு பேச்சு நடந்தது. மாமா கொறங்காட்டை விற்கலாம் என்றார். சைட் போட ஆள் கேட்கிறார்கள், நல்ல விலை. மாடும் இரண்டுதான் மிச்சம், அதை வைத்துக்கொண்டு நாலு ஏக்கரை என்ன செய்வது? அப்புச்சி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் கட்டிலைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் போய்க் கேட்டாள்.

"அப்புச்சி, வேலியில இருந்து ஒரு கட்டை எடுத்துக்கட்டுங்களா?"

"எதுக்கு அம்மிணி?"

"தொட்டியில வெச்சு வளர்க்கறதுக்குங்க."

அவர் சிரித்தார். "வேலியத் தொட்டியில வெச்சா எதைக் காக்கறதுக்கு?" என்றார். ஆனால் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். (சொந்த நிலம் என்பதால் இது சரி. காட்டில் போய்ப் பிடுங்கினால் வனத்துறை கேஸ் போடும், மரமும் பெரும்பாலும் பிழைக்காது. யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

*

தோண்டி எடுத்த கட்டை ஒன்றரை அடி உயரம். கணுக்கால் பருமன். வயது அப்புச்சிக்கே சரியாகத் தெரியவில்லை, அவள் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊன்றியது என்றார். வயது இருக்கிறது, பருமன் இருக்கிறது. அழகு? அதுதான் இல்லை.

போன்சாய் பழகுகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது மரத்தை வெட்ட அல்ல, மரத்தில் என்ன கோளாறு என்று பார்க்க. அவள் கட்டையை ஸ்டூல் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு நோட்டில் எழுதினாள். பற்று வரவு எழுதுகிற கை அல்லவா!

ஒன்று, கிளைகள் எல்லாம் ஒரே உயரத்திலிருந்து கிளம்புகின்றன. வருஷா வருஷம் கொடுவாளால் ஒரே மட்டத்தில் வேலியை வெட்டியதால் வந்த வினை. வெட்டிய இடத்தில் ஏழெட்டுக் கிளை குடை மாதிரி கிளம்பி, அந்த இடமே வீங்கி முட்டாகிவிட்டது. மரம் என்றால் அடி பெருத்து மேலே போகப் போகச் சிறுக்க வேண்டும். இது தலைகீழாக மேலே பெருத்திருந்தது.

இரண்டு, ஒரு கிளை மட்டும் மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டு, தண்டுக்குச் சமமான பருமனில் நேராக மேலே போகிறது.

மூன்று, உள்ளே கிளைகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு உரசுகின்றன.

நாலு, வேர் ஒரு பக்கம்தான் இருக்கிறது. போத்தாக ஊன்றியபோது எந்தப் பக்கம் ஈரம் இருந்ததோ அந்தப் பக்கம் ஓடிவிட்டது. இன்னொரு பக்கம் மொட்டை.

ஆச்சரியம் என்னவென்றால், ஜப்பானிலோ அமெரிக்காவிலோ நர்சரியில் மலிவாக ஒரு மேப்பிள் வாங்கி வருகிறவர் எழுதும் பட்டியலும் ஏறக்குறைய இதேதான். மேப்பிளில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். அப்படியே விட்டால் ஒவ்வொரு கணுவிலும் கிளைகள் கூடிக்கூடி முட்டு விழும். அதனால் ஒரு இடத்திலிருந்து இரண்டு கிளைக்கு மேல் விடாதே என்பது அங்கே பாலபாடம். ஊர் வேறு, மரம் வேறு, கோளாறு ஒன்று.

*

பட்டியல் சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் செய்ததுதான் தப்பு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்த்தாள். பூமியிலிருந்து பிடுங்கிய அதே வாரத்தில் ஏழு கிளையில் மூன்றை எடுத்தாள். வேரில் பாதியைக் கழித்தாள். தோட்டத்து மண்ணை அப்படியே தொட்டியில் போட்டு நட்டாள். பாசம் அதிகமாகி தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு மாதத்தில் ஒரு பக்கத்துப் பட்டை சுருங்கியது. தொட்டியிலிருந்து அழுகல் வாடை வந்தது. மிச்சமிருந்த நாலில் ஒரு கிளை கருத்து ஒடிந்து விழுந்தது. அப்புச்சிக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னாள்.

"இலை இருக்குதா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குத் தண்ணி? தூங்கறவன் வாயில யாராச்சும் சோத்த ஊட்டுவாங்களா? ஊத்தாத. மழை வரட்டும்."

இதில் அறிவியல் இருக்கிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாகத்தான் ஆவியாகிப் போகிறது. இலையே இல்லாதபோது ஊற்றும் தண்ணீர் மண்ணிலேயே தேங்கும். வேருக்குக் காற்று வேண்டும், தேங்கிய மண்ணில் அது கிடைக்காது, அழுகும். வேர் வெட்டுப்பட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் அழுகும்.

மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, அழுகிய வேரை நறுக்கி, இரண்டு நாள் நிழலில் காயப்போட்டு, பிறகு ஆற்று மணலும் செங்கல் பொடிக்கற்களும் பாதிக்கு மேல் இருக்கும் கலவையில் நட்டாள். ஒரு பிடி தொழு உரம், அவ்வளவுதான். அடியில் பெரிய ஓட்டைகள். அதன் பிறகு கட்டையைத் தொடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டிப் பார்ப்பாள். உள்ளே ஈரப்பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, வறண்டு இருந்தால் முடிந்தது கதை.

மே, ஜூன், ஜூலை. பச்சை இருந்தது. துளிர் இல்லை. அண்ணன் அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தான். ஆகஸ்டில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் கட்டையின் வெட்டுவாய்க்குக் கீழே, அரிசி முனை அளவில், ஒன்றல்ல, ஒன்பது மொட்டுகள்.

அன்றைக்கு அவள் நோட்டில் எழுதிய வரி: வருஷத்துக்கு ஒரு காயம் போதும். வேரைத் தொட்ட வருஷம் கிளையைத் தொடாதே, கிளையைத் தொட்ட வருஷம் வேரைத் தொடாதே.

*

கவாத்து என்பது ஜப்பானிலிருந்து இறக்குமதியான வித்தை இல்லை. கொங்கு நாட்டில் எங்கே திரும்பினாலும் கவாத்துதான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பன்னீர் திராட்சையை வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து இரண்டு அறுப்பு எடுக்கிறார்கள். சத்தியமங்கலத்தில் மல்லிகைச் செடியை நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள், அப்போதுதான் கோடையில் பூ கொட்டும். மூலனூர் முருங்கையை முக்கால் மீட்டர் வளர்ந்தவுடன் நுனி கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைக் குச்சியாக வானத்துக்குப் போய்விடும். வால்பாறைத் தேயிலை? சும்மா விட்டால் அது மரமாகிவிடும். இடுப்பு உயரத்தில் நிறுத்தி, நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்து வைத்திருக்கிறார்கள். யோசித்தால் ஒரு மலை முழுக்கப் போன்சாய்!

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விஷயம் ஒன்றுதான். கிளையின் நுனி மொட்டில் ஆக்சின் என்ற ஹார்மோன் உற்பத்தியாகிக் கீழே இறங்கும். அது இறங்கிக்கொண்டிருக்கும் வரை பக்கத்து மொட்டுகள் விழிக்காமல் அடங்கியிருக்கும். நுனியை எடுத்தால் அடக்குவதற்கு ஆள் இல்லை, தூங்கிய மொட்டுகள் எழுந்துகொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் வெளியூர் போன மாதிரி.

ஆகவே எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் புதுக் கிளை வெளியே போகும். உள்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டினால் உள்ளே வந்து மற்றதோடு உரசும். வேலி வெட்டுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை, அவருக்கு அடர்த்தி போதும். தொட்டி மரத்துக்கு ஒவ்வொரு வெட்டும் அடுத்த வருஷத்துக் கிளையின் முகவரி.

*

2024 ஏப்ரல். அடுத்த தூக்கக் காலம். இரண்டாம் வருஷத்து வேலை பட்டியலில் இரண்டாவதாக எழுதிய அந்தப் பெரிய கிளை. எல்லாக் கணக்கும் அதை எடு என்றுதான் சொன்னது. அதற்குக் கீழே பக்கவாட்டில் பென்சில் பருமனில் ஒரு கிளை வந்திருந்தது. பெரியதை எடுத்துவிட்டு அந்தச் சின்னதைத் தலைமையாக்கினால், அடி பெருத்து மேலே சிறுத்த உருவம் கிடைக்கும், கூடவே தண்டில் ஒரு வளைவும் வரும்.

ஆனால் கை வரவில்லை. ரம்பத்தை எடுப்பாள், வைப்பாள். இலை விட்டபோது மரத்தின் பாதிப் பச்சை அந்தக் கிளையில்தான் இருந்தது. எத்தனை வருஷம் வளர்ந்தது! எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டையும் நாலு குச்சியும்.

காஸ்டிங் வகுப்பில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். போட்ட காசு போட்டதுதான், திரும்ப வராது. இனிமேல் எடுக்கிற முடிவில் அதைச் சேர்க்காதே, இனி வரப்போகும் வரவையும் செலவையும் மட்டும் பார். பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கியவள்தான். மொட்டைமாடியில் ஒரு கிளைக்கு முன்னால் அந்தப் பத்து மார்க் உதவவில்லை.

அந்த வாரம் அப்புச்சி கண்புரை ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் வந்திருந்தார். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணிலும் மங்கல். மாடிக்கு வந்தவர் மரத்தைப் பார்க்கவில்லை, தடவினார். அடியிலிருந்து விரலை மெல்ல மேலே கொண்டுபோனார். முட்டு வந்த இடத்தில் நிறுத்தினார்.

"இங்க வீங்கியிருக்குது."

"ஆமாங்க."

மேலே போய் அந்தக் கிளையைப் பிடித்தார். "இவன்தான் எல்லாத்தையும் குடிக்கறான்."

"எடுக்கோணும்ங்க அப்புச்சி. மனசு வரலைங்க. இத்தனை வருஷம் நீங்க வெட்டி வெட்டி வளர்த்தது. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு சொல்லுவாங்கல்ல. இது இனி எங்கே வளையப் போவுது?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வளையாது அம்மிணி. அம்பதுல வளைச்சா ஒடிஞ்சு போயிரும். ஆனா வெட்டுனா துளுக்கும்."

அவள் ரம்பத்தை வைத்து அறுத்தாள். இரண்டே நிமிஷம். வெட்டுவாயில் பிசின் முத்து முத்தாக வந்தது. கையெல்லாம் சாம்பிராணி போட்ட மாதிரி வாசம். விளிம்பைக் கூரான கத்தியால் வழித்துச் சமமாக்கினாள், சொரசொரப்பாக விட்டால் காயம் மூடாது. முட்டிலிருந்த மற்ற கிளைகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். சின்னக் கிளையைக் கம்பி சுற்றி வளைக்காமல் சணல் கயிற்றால் தொட்டி விளிம்போடு இழுத்துக் கட்டினாள். கிளுவைக்குப் பட்டை மெலிசு, கம்பி சீக்கிரம் பதிந்துவிடும்.

வெட்டிய கிளைகளைப் பெருக்கித் தள்ளப் போனவளை அப்புச்சி தடுத்தார். "அது குப்பையில்ல, போத்து." பழைய தினசரியில் சுற்றி, ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

*

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார், "பெருசா வளர வேண்டிய மரத்தை இப்படிக் குள்ளமாக்கறது பாவம் இல்லையா?" நிறையப் பேருக்கு இருக்கும் சந்தேகம் இது. போன்சாயைப் பட்டினி போட்டு வளர்ப்பதாக நினைக்கிறார்கள். நிஜத்தில் தொட்டி மரத்துக்குத் தரை மரத்தைவிட அதிகமான கவனிப்பு, தண்ணீர், உரம் எல்லாம் வேண்டும். ஒரு வாரம் மறந்தால் போய்விடும். வேரையும் கிளையையும் அவ்வப்போது கழித்துப் புதுசாக்கிக்கொண்டே இருப்பதால்தான் அது சின்னதாக இருக்கிறது, பட்டினியால் அல்ல.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் தேசிய போன்சாய் மியூசியத்தில் ஒரு வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. 1625-லிருந்து தொட்டியில் வளர்வது. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தின் நர்சரியில் இருந்தது. 1945-ல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம். உயரமான சுவருக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது. 1976-ல் அந்தக் குடும்பம் இதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது, எதையும் விவரமாகச் சொல்லாமல். 2001-ல் பேரப்பிள்ளைகள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. குண்டு போட்ட தேசத்தில், குண்டுக்குத் தப்பிய மரம் கால் நூற்றாண்டாகச் சும்மா நின்றிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றி, கிளை கழித்து வந்ததால்தான் நானூறு வருஷம் அது இருக்கிறது. இதைப் பாவம் என்றா சொல்வது?

*

2025-ல் அவள் டிகிரி முடித்தாள். அதே வருஷம் ஆவணியில் கொறங்காட்டுக்குப் பத்திரம் பதிவானது. மாமா மேல் தப்பில்லை, மூத்த பெண்ணின் கல்யாணக் கடன் இருந்தது. ஜேசிபி வந்து அரை நாளில் வேலியை வழித்துவிட்டது. ஐம்பது வருஷம் வெட்டிய வேலி. அப்புச்சி பார்க்கப் போகவில்லை.

அந்த வாரம் அவள் ஊருக்குப் போனாள், மரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு. பெருமைப்பட்டுக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. பெரிய வெட்டுக்காயம் இன்னும் பாதிகூட மூடவில்லை. வேர் இன்னமும் ஒரு பக்கம்தான். முட்டு கொஞ்சம் வற்றியிருக்கிறது, முழுசாகப் போக இன்னும் பத்து வருஷம் ஆகலாம், போகாமலும் இருக்கலாம். போட்டிக்கு அனுப்பினால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆனால் பென்சில் பருமனாக இருந்த கிளை இப்போது கட்டைவிரல் பருமன். அது வளைந்து மேலே போகிறது. தூரத்திலிருந்து பார்த்தால், வயல்வெளியில் காற்றுக்குச் சாய்ந்து நிற்கும் கிழமரம் மாதிரியே இருக்கிறது. மழை பெய்திருந்ததால் நெருக்கமாகக் குட்டி இலைகள்.

அப்புச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தத் தடவை கண்ணாலேயே பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "வா" என்று சாளைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

ஆட்டுப்பட்டியை ஒட்டி, போன சித்திரையில் அவர் பஸ்ஸில் கொண்டுவந்த போத்துகள் வரிசையாக நின்றன. பத்து ஊன்றியிருக்கிறார். ஏழு பிடித்திருந்தது. முழங்கால் உயரத்தில் ஏழும் தளதளவென்று துளிர்த்து, முள்ளும் விட்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கையிலிருந்த குச்சியால் இடைவெளிகளைக் காட்டினார்.

"மூணு எடம் ஓட்டையா இருக்குது பாரு. ஆடு பூந்துரும். அடுத்து எப்ப அம்மிணி வெட்டுவே?"

"சித்திரையில வெட்டறனுங்க அப்புச்சி."

"செரி. மூணு போத்து எடுத்து வெய்யி."